பணி விலகலும் முன்னறிவிப்பும்

பல ஆண்டுகள் வகித்த வேலையை விட்டு ஒருவர் விலகும்போது எழுதிக் கொடுக்கும் கடிதம் பெரும்பாலும் நான்கைந்து வரிகளே கொண்டது. ஆனால் அவரது முதுமைக்கால வருவாய், குடும்பத்தின் பாதுகாப்பு, அதுவரை ஆற்றிய பணியின் மதிப்பு ஆகிய அனைத்தும் அந்த வரிகளில் இடம்பெறும் சொற்களைப் பொறுத்தே அமைகின்றன. வேலையில் சேரும்போது காட்டும் கவனத்தில் பாதியையேனும் விலகும்போது ஊழியர்கள் காட்டுவதில்லை என்பதை நீதிமன்றங்களுக்கு வந்த வழக்குகள் உணர்த்துகின்றன.

கேரளத்தின் தலைநகரான திருவனந்தபுரம் இப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். தலைமைச் செயலகமும், துறைத் தலைவர்களின் அலுவலகங்களும், அரசு ஊழியரின் ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்த்து ஆணை வழங்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகமும் இங்குள்ளன. 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் தனியார் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். மாவட்டத்தின் கிழக்கே, பொன்முடி மலைச்சரிவில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அரசுப் பணி, தனியார் அலுவலகப் பணி, தோட்ட வேலை ஆகிய மூன்று வகை உழைப்பும் ஒரே மாவட்டத்தில் அருகருகே காணப்படுகின்றன.

இந்நகரில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் இருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருவர் 2013க்கு முன்னர் அரசுப் பணியில் சேர்ந்தவர். மற்றவர் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊழியர். இருவரும் 22 ஆண்டுகள் பணியாற்றிய பின், "என் வேலையை ராஜினாமா செய்கிறேன்" என்று ஒரே வாசகத்தைத் தத்தம் மேலதிகாரிக்கு எழுதித் தருகின்றனர். தனியார் நிறுவன ஊழியர் 22 ஆண்டுகளுக்கும் உரிய பணிக்கொடையைப் பெறுவார். அரசு ஊழியரோ ஓய்வூதியத்தையும் ஓய்வுக்காலப் பணிக்கொடையையும் இழப்பார். தம் சம்பளத்திலிருந்து சேர்த்து வந்த வைப்பு நிதி அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரே சொல் இருவேறு விளைவுகளைத் தருவதற்கான காரணம், இவ்விரு துறைகளின் விதிகளும் இருவேறு கருத்துகளிலிருந்து பிறந்தவை என்பதே.

முன்னறிவிப்பின் நோக்கம்

முன்னறிவிப்பு என்பது இரு தரப்பினரையும் காக்கும் ஏற்பாடாகும். ஊழியர் திடீரென விலகினால் அலுவலகத்தின் வேலை தடைப்படும். கோப்புகள், பணப்பொறுப்பு, சாவி, கருவிகள் ஆகியவற்றை ஒப்படைக்க ஆள் வேண்டும். புதியவரை நியமித்துப் பழக்கக் காலம் வேண்டும். இதேபோல், நிறுவனம் ஊழியரைத் திடீரென விலக்கினால் அவர் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ளும் வரை குடும்பத்தைக் காக்க வழியின்றித் தவிப்பார்.

தொழிற்சாலைகளில் இவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவம் தந்தது 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டமாகும். அதன் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளின்படி, மாதச் சம்பளம் பெறும் நிரந்தரத் தொழிலாளியின் வேலை முடிவுக்கு வர ஒரு மாத அறிவிப்பும், மற்றத் தொழிலாளருக்கு இரண்டு வார அறிவிப்பும் தேவைப்பட்டன. அறிவிப்புக்குப் பதிலாக அக்காலத்திற்குரிய ஊதியத்தைக் கொடுத்தும் விலகவோ விலக்கவோ முடிந்தது. இந்த விதி தொழிலாளிக்கும் முதலாளிக்கும் பொதுவானதாக இருந்தது.

ஆயினும் கால அளவு சமமாக இருப்பதால் இரு தரப்பினரின் வலிமையும் சமமாகிவிடாது. மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து, காரணம் எதுவும் கூறாமல் நிரந்தர ஊழியரை விலக்க அந்தப் பொதுத்துறை நிறுவனத்திற்கு இடமளித்த விதி செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அறிவிப்புக் கொடுத்து விலகுவது ஊழியரின் உரிமை. அறிவிப்பு ஒன்றை மட்டும் கொண்டு காரணமின்றி விலக்குவது அரசு நிறுவனத்திற்கு உரிமையாகாது.

கேரளம் காட்டிய வழி

நீண்ட காலம் உழைத்தவர் விலகும்போது பெறும் தொகையே பணிக்கொடை எனப்படுகிறது. முன்னாளில் இது முதலாளி மனமுவந்து தரும் அன்பளிப்பாகவே கருதப்பட்டது. 1955இல் பத்திரிகையாளருக்கென இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் அவர்களுக்கு இத்தொகையை உரிமையாக்கிற்று. ஆனால் ஏனைய தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் எதுவும் அப்போது இல்லை. தொழிற்சங்கம் வலுவாக இருந்த இடங்களில் ஒப்பந்தத்தின் மூலமும், தொழில் நீதிமன்றத் தீர்ப்புகளின் மூலமுமே அவர்கள் இதனைப் பெற முடிந்தது.

இந்நிலையில் கேரள அரசு 1970இல் ஒரு சட்டத்தை இயற்றியது. தொழிற்சாலைகள், தோட்டங்கள், கடைகள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்களுக்குப் பணிக்கொடை வழங்குவதை அது கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டில் மேற்கு வங்காளமும் இவ்வழியைப் பின்பற்றியது. மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்ட சட்டங்கள் தோன்றினால் பல மாநிலங்களில் கிளைகள் கொண்ட நிறுவனங்களுக்கு இடர்ப்பாடு ஏற்படும் என்பதால், 1971 ஆகஸ்டில் புது தில்லியில் கூடிய தொழிலாளர் அமைச்சர்கள் மாநாட்டிலும், அக்டோபரில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டிலும் இப்பொருள் விவாதிக்கப்பட்டது. அதன் பயனாக நாடு முழுவதற்குமான பணிக்கொடை வழங்கல் சட்டம் 1972 செப்டம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஐந்தாண்டுத் தொடர் பணிக்குப் பின் ஒருவர் ஓய்வு பெற்றாலும் சரி, ராஜினாமா செய்தாலும் சரி, பணிக்கொடை அவருக்குரியது என்று அச்சட்டம் கூறியது. ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. மாதத்திற்கு 26 வேலை நாட்கள் எனக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. மாத ஊதியம் ரூ. 26,000 பெறுபவர் 22 ஆண்டுகள் பணியாற்றி விலகினால், 15 நாள் ஊதியமான ரூ. 15,000ஐ 22ஆல் பெருக்க, ரூ. 3,30,000 கிடைக்கும். மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால் ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது. உச்சவரம்பு 2018 மார்ச் முதல் ரூ. 20 லட்சமாக உள்ளது.

இந்த ஏற்பாடுகள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இப்போது அடங்கியுள்ளன. ஐந்தாண்டு என்னும் பொது விதி தொடர்கிறது. பத்திரிகையாளருக்கு அது மூன்றாண்டு. குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் நியமிக்கப்படுவோருக்கு அவர்கள் பணியாற்றிய காலத்தின் விகிதப்படி பணிக்கொடை உண்டு.

தொழிற்சட்டத்தின் கண்ணோட்டத்தில், பணிக்கொடை உழைத்த நாட்களில் ஈட்டப்பட்ட ஒன்று. ஆகவே விலகுவோர் எச்சொல்லைப் பயன்படுத்தினாலும் அது அவரை விட்டு நீங்குவதில்லை.

ராஜினாமாவும் விருப்ப ஓய்வும்

அரசுப் பணியின் நிலை வேறு. 1959 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள கேரள அரசுப் பணி விதிகளின் மூன்றாம் பகுதி ஓய்வூதியம் பற்றியது. அதன் 29ஆம் விதி, பணியை ராஜினாமா செய்வதும், குற்றத்திற்காகப் பணியிலிருந்து நீக்கப்படுவதும் முந்தைய பணிக்காலம் முழுவதையும் இழக்கச் செய்யும் என்று கூறுகிறது. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. தாமாக விலகுபவரும் தவறிழைத்து நீக்கப்படுபவரும் இவ்வகையில் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். ஓய்வூதியம் என்பது இறுதி வரை உடனிருந்த பணியாளருக்கு அரசு அளிக்கும் வெகுமதி என்னும் பழைய கருத்தின் எச்சம் இது.

இந்தக் கடுமையிலிருந்து விலக விதிகளே வேறொரு வாயிலைத் திறந்து வைத்துள்ளன. அது விருப்ப ஓய்வு. கேரள விதிகளின் மூன்றாம் பகுதியில் உள்ள 56ஆம் விதியின்படி, ஓய்வூதியத்திற்குத் தகுதியான 20 ஆண்டுப் பணியை நிறைவு செய்தவர், மூன்று மாத எழுத்து மூல அறிவிப்புக் கொடுத்து ஓய்வு பெறலாம். மத்திய அரசு ஊழியருக்கும் 20 ஆண்டுப் பணியும் மூன்று மாத அறிவிப்புமே நிபந்தனைகள். இவ்வாறு ஓய்வு பெறுபவருக்கு அவரது பணிக்காலத்திற்குரிய ஓய்வூதியம் உண்டு.

வேறுபாட்டின் கடுமையை 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று காட்டுகிறது. தில்லியின் மின் வாரியத்தில் 1968இல் தினக்கூலித் தொழிலாளியாகச் சேர்ந்த ஒருவர், 1971 டிசம்பரில் கடைநிலை ஊழியராக நிரந்தரமாக்கப்பட்டார். 1990 ஜூலையில் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அது சில நாட்களில் ஏற்கப்பட்டது. பின்னர் அவர் ஓய்வூதியம் கோரியபோது, 20 ஆண்டுப் பணி நிறைவு பெறவில்லை என்றும், அவர் ராஜினாமா செய்தவர் என்றும் கூறி மறுக்கப்பட்டது. ராஜினாமாவை விருப்ப ஓய்வாகக் கருதினால் விதிகள் வகுத்துள்ள வேறுபாடே அழிந்துவிடும் என்று நீதிமன்றம் கருதியது. எத்தனை ஆண்டுகள் பணியாற்றியிருந்தாலும், ராஜினாமாவின் விளைவு பணிக்கால இழப்பே எனத் தீர்ப்பாயிற்று. அவரது நீண்ட உழைப்பு ஓய்வூதியக் கணக்கில் ஏறவில்லை.

இவ்விதிக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. ஓய்வூதியத் தகுதியுள்ள வேறோர் அரசுப் பணியில் சேர்வதற்காக, முறையான அனுமதியுடன் ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் இழக்கப்படுவதில்லை. அந்த அனுமதியும் காரணமும் கடிதத்திலும் ஆணையிலும் தெளிவாக இடம்பெறுவது அவசியம்.

மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதலும் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை வந்துவிட்டது. அவர்கள் கணக்கில் சேர்ந்த தொகை, எவ்வாறு விலகினாலும், அதற்கான விதிகளின்படி அவர்களுக்கே உரியது. ஆனால் அந்நாட்களுக்கு முன் சேர்ந்தவர்கள் இன்றும் பெருந்தொகையினராகப் பணியில் உள்ளனர். அவர்களைப் பொறுத்தவரை, 'ராஜினாமா', 'விருப்ப ஓய்வு' என்னும் சொற்களின் வேறுபாடு இன்னும் பல ஆண்டுகளுக்கு வாழ்வுப் பிரச்சினையாகவே இருக்கும்.

ஏற்பும் திரும்பப் பெறுதலும்

கடிதத்தைக் கொடுத்த அன்றே வேலை முடிந்துவிடுகிறதா, மனம் மாறினால் அதனைத் திரும்பப் பெறலாமா என்னும் வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. இவற்றுக்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் விடையளிக்கின்றன.

அரசு ஊழியரின் ராஜினாமா, உரிய அதிகாரி அதனை ஏற்கும்போதுதான் நிறைவு பெறுகிறது. ஏற்கப்பட்ட பின் அதனைத் திரும்பப் பெறும் உரிமை ஊழியருக்கு இல்லை. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஒருவரின் வழக்கில் 1968இல் இது நிலைநாட்டப்பட்டது. ஏற்பு ஆணை அவர் கைக்கு வந்து சேரவில்லை என்பதும் அவருக்குத் துணை நிற்கவில்லை.

எதிர்காலத் தேதியைக் குறிப்பிட்டு எழுதும் ராஜினாமாவின் நிலை வேறு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 ஆகஸ்ட் 1 முதல் பதவி விலகுவதாக அவ்வாண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்; ஜூலை 15 அன்று அதனைத் திரும்பப் பெற்றார். குறிப்பிட்ட நாள் வருவதற்கு முன் திரும்பப் பெற்றது செல்லும் என 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விருப்ப ஓய்வு அறிவிப்பைப் பற்றிய 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு மனிதாபிமானம் மிக்கது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் புகைப்படப் பிரிவில் கணக்கராக இருந்த ஒருவர், 1981 மார்ச் 31 முதல் ஓய்வு பெற விரும்புவதாக 1980 டிசம்பரில் அறிவிப்புக் கொடுத்தார். உடன் பணிபுரிந்தோர் இடைவிடாது வற்புறுத்தியதால் மனம் மாறி, ஜனவரி இறுதியில் அறிவிப்பைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார். அரசு இசையவில்லை. ஓய்வு நாளுக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஊழியர் மனம் மாறினால், நிர்வாகத்திற்கு இடையூறு நேராதவரை அதற்கு இடமளிப்பதே முறை என்று கருதிய உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முன்னறிவிப்புக் காலம் நிறுவனத்திற்கு மட்டுமின்றி ஊழியருக்கும் சிந்திக்கக் கிடைக்கும் அவகாசம் என்பது இதனால் விளங்கும்.

அறிவிப்பின்றி விலகுவோர்

கேரளத்திற்கே உரிய மற்றொரு நிலையையும் இங்கே கூறவேண்டும். வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகிய காலந்தொட்டு, அரசு ஊழியர் பலர் வேலையை விடாமல் ஊதியமில்லா விடுப்பில் வெளிநாடு சென்றனர். வேறு வேலை ஏற்பதற்காக இத்தகைய விடுப்பளிக்கப் பணி விதிகளின் பின்னிணைப்பிலேயே இடமுண்டு. பணிக்காலம் முழுவதிலும் மொத்தம் 20 ஆண்டுகள் வரை இது அனுமதிக்கப்பட்டு வந்தது. 2020இல் மாநில அரசு இதனை ஐந்தாண்டாகக் குறைத்தது.

விடுப்பு முடிந்தும் திரும்பாமல், ராஜினாமாவும் செய்யாமல் இருந்தோரால் பணியிடங்கள் பல ஆண்டுகள் முடங்கின. பதவி ஏட்டில் நிரம்பியிருக்கும். நாற்காலியில் ஆள் இருக்கமாட்டார். புதியவரை நியமிக்கவும் இயலாது. கொள்ளைநோய் பரவியிருந்த 2020இல், அனுமதியின்றி நீண்ட காலம் பணிக்கு வராதிருந்த நூற்றுக்கணக்கான மருத்துவர்களைப் பணியிலிருந்து நீக்கக் கேரள அரசு முடிவு செய்தது. மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகியிருந்தால், அந்த இடங்களில் வேறு மருத்துவர் எப்போதோ அமர்ந்திருப்பர். முன்னறிவிப்பு வெறும் அலுவலகச் சடங்கன்று. பொதுமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தனியார் துறையில்

1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய ஊழியரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத அறிவிப்போ அதற்குரிய ஊதியமோ தராமலும் முதலாளி விலக்கக் கூடாது என்கிறது. ஊழியர் விலகுவதற்கான கால அளவைப் பெரும்பாலும் நியமன ஒப்பந்தமே வரையறுக்கிறது. கணினி நிறுவனங்களில் மூன்று மாத அறிவிப்பைக் கோரும் ஒப்பந்தங்கள் பரவலாக உள்ளன.

இக்காலத்தை நிறைவு செய்யாமல் ஒருவர் விலகினால், அவரைப் பிடித்து வைத்து வேலை வாங்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒருவரது சொந்த உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை ஆணையிட்டு நிறைவேற்றுவிப்பதும் நீதிமன்ற மரபன்று. நிறுவனத்திற்கு உள்ள பரிகாரம் பணமே: எஞ்சிய நாட்களுக்குரிய ஊதியத்தையோ, நியாயமான இழப்பீட்டையோ அது கோரலாம். குறிப்பிட்ட காலத்திற்கு முன் விலகினால் ரூ. 2 லட்சம் செலுத்த வேண்டும் என்று பொதுத்துறை வங்கியொன்று விதித்த நிபந்தனை செல்லும் என 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆதலால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்தறிவது விலகும் நாளுக்கும் பயன்படும்.

ஊழியருக்குச் சாதகமான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துள்ளது. முதலாளி விலக்கிய ஊழியருக்கு இரண்டாம் வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டத்தின் விதியாக இருந்தது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம், தாமாக ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று விரிவாக்கியுள்ளது. பணிக்கொடையை 30 நாட்களுக்குள் வழங்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொகையும் ஊழியருடையதே. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்து 10 ஆண்டுப் பணியை நிறைவு செய்தவர், இடையில் ராஜினாமா செய்திருந்தாலும் 58 வயதில் ஓய்வூதியம் பெறலாம்.

தோட்டத் தொழிலாளிக்கு விலகல் இன்னும் கடினமானது. அவர் வேலையை மட்டுமன்றி, குடும்பத்துடன் தங்கியிருந்த லயத்தையும் விட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, வேறிடத்தில் நிலமோ வீடோ இல்லாத தமிழ்க் குடும்பங்கள் கேரளத் தோட்டங்களில் பல உள்ளன. அவர்களுக்குப் பணிக்கொடையே புதிய வாழ்வின் முதலீடு. கேரளத்தின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களையும் உள்ளடக்கியிருந்ததன் அருமை இங்கே விளங்குகிறது.

கடிதம் எழுதும் முன்

அரசு ஊழியர் முதலில் தமது பணிப் பதிவேட்டைப் பார்த்து, ஓய்வூதியத்திற்குத் தகுதியான பணிக்காலம் எவ்வளவு என்பதை அலுவலகத்தின் மூலம் எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊதியமில்லா விடுப்பு, பணி இடைமுறிவு, தற்காலிக நியமனம் ஆகியவற்றால் 20 ஆண்டு என எண்ணியது 19 ஆண்டு சில மாதங்களாகக் குறைவதுண்டு. சில மாதங்கள் பொறுத்திருந்தால் கிடைக்கக்கூடிய ஓய்வூதியம் அவசரத்தால் கைநழுவிவிடும்.

அடுத்து, கடிதத்தில் 'ராஜினாமா' என்ற சொல்லைத் தவிர்த்து, எந்த விதியின் கீழ், எந்த நாளிலிருந்து விருப்ப ஓய்வு கோரப்படுகிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். அறிவிப்புக் காலம் கடிதம் உரிய அதிகாரியிடம் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஆகவே பெற்றுக்கொண்டதற்கான சான்று அவசியம். தனியார் துறை ஊழியரும் கடிதத்தின் நகல், ஒப்படைப்புப் பட்டியல், பணி விடுவிப்பு ஆணை ஆகியவற்றைப் பாதுகாத்தல் நன்று.

அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. நீண்ட காலம் பணியாற்றிய கடைநிலை ஊழியர் ஒருவர் குடும்பச் சுமையாலோ நோயாலோ மனமுடைந்து ராஜினாமாக் கடிதத்துடன் வரும்போது, அதனை அன்றே ஏற்று ஆணையிடுவது விதிப்படி சரியாக இருக்கலாம். அவரை அமரச் செய்து, அவரது பணிக்காலத்தை எடுத்துப் பார்த்து, விருப்ப ஓய்வுக்குத் தகுதி உண்டா என்று கூறுவது நல்ல நிர்வாகமாகும். அதற்குச் செலவாகும் நேரம் அரை மணி. அதனால் காக்கப்படுவது ஒரு குடும்பத்தின் முதுமைக்கால வாழ்வு.

ஓய்வூதியம் அரசின் கருணையன்று, ஊழியர் தம் உழைப்பால் ஈட்டிய உரிமை என்று 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் கூறியது. அக்கருத்தின்படி நோக்கினால், ஒரு சொல்லின் பிழையால் பல ஆண்டு உழைப்பு அழிந்துபோக இடமளிக்கும் விதி மறு ஆய்வுக்குரியதே. பணிக்கொடையைப் பொறுத்தவரை அம்மாற்றத்தைக் கேரளம் 1970இலேயே செய்து காட்டியது. அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை விதி மாறும் வரையில், அறிவிப்புக் கடிதத்தை எழுதுபவரின் விழிப்பும், அதைப் பெறுபவரின் பரிவுமே அவருக்குப் பாதுகாப்பாக அமையும்.